கொல்கத்தாவில் ஒரு யூத ஜெபாலயம்

பிழைப்பை நாடி வேற்றூரில் குடியேறுவோர், கையில் சிறிது பொருள் சேர்ந்ததும் தாங்கள் கூடி வழிபடுவதற்கு ஓர் இடத்தை அமைத்துக்கொள்கிறார்கள். மும்பை மாட்டுங்காவிலும் தில்லியிலும் தமிழர்கள் எழுப்பிய கோயில்களை நேயர்கள் அறிவீர்கள். அப்படி வந்தவர்கள் பின்னொரு காலத்தில் அவ்வூரை விட்டும் புறப்பட்டுவிட்டால், அவர்கள் எழுப்பிய ஆலயத்தின் கதி யாது? இக்கேள்விக்கு விடை தேடியே கொல்கத்தாவின் கானிங் தெருவுக்கு நாங்கள் சென்றோம்.

ஹௌரா பாலத்துக்கு அருகிலுள்ள கடைத்தெரு அது. மூட்டை சுமப்போரும் தள்ளுவண்டிகளும் நெருங்கும் அவ்விடத்தில், நடைபாதைக் கடைகளுக்கு நடுவே ஒரு வாயில் தென்பட்டது. நிமிர்ந்து பார்த்தோம். செந்நிறச் சுவர்களுக்கு மேலே கூர்ங்கோபுரமும் அதில் ஒரு கடிகாரமும் தெரிந்தன. கிறிஸ்தவ தேவாலயம் என்றே எங்களில் சிலர் எண்ணினார்கள். அதுதான் மாகேன் டேவிட் என்னும் யூத ஜெபாலயம். எபிரேய மொழியில் அப்பெயருக்குத் 'தாவீதின் கேடயம்' என்பது பொருள்.

இதனை எழுப்பியவர்கள் மேற்கு ஆசியாவிலிருந்து வந்த யூதர்கள். சிரியாவிலுள்ள அலெப்போ நகரிற் பிறந்த ஷாலோம் கோஹென் என்னும் வணிகர் 1798-இல் கல்கத்தாவை அடைந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாதிலிருந்தும் பல குடும்பங்கள் வந்தன. அவர்கள் பட்டு, அவுரி, அபினி முதலியவற்றில் வாணிபம் செய்தார்கள். செல்வம் பெருகியபின் மனைகள் வாங்கினார்கள், மாளிகைகள் கட்டினார்கள். எஸ்ரா குடும்பத்தின் பெயரை இன்றும் அங்கே ஒரு தெரு தாங்கி நிற்கிறது. அக்குடும்பத்தைச் சேர்ந்த இலியாஸ் டேவிட் எஸ்ரா, தம் தந்தையாரின் நினைவாக 1884-இல் இந்த ஆலயத்தைக் கட்டினார். இதற்கு அருகில் உள்ள பெத் எல் ஜெபாலயம் 1856-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தலையை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். தெருவின் இரைச்சல் வாயிலோடு நின்றுவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோல் அமைந்த சலவைக்கல் தரை. வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். உயரத்திலிருந்து தொங்கும் சரவிளக்குகள். நடுவே, வேதம் ஓதுவதற்கென ஒரு மேடை. பெண்டிர் அமர்வதற்கு மாடத்தில் தனியிடம். எதிர்ப்புறத்தில், தோரா என்னும் வேதச் சுருள்களை வைக்கும் திருவிடத்தின் மேலே, விண்மீன்கள் பொறித்த அரைக்குவிமாடம். எங்கும் விக்கிரகம் இல்லை. உருவச் சித்திரமும் இல்லை.

தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கட்டடம், நெடுநாள் சிதைவுக்குப் பின் செப்பனிடப்பட்டு, 2017-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று தரை பளபளக்கிறது. ஆனால் இருக்கைகள் வெறுமையாய் இருக்கின்றன. யூதர் மரபில் சபை வழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் கூட வேண்டும். அவ்வெண்ணிக்கை நிறைவுறாவிடில் வேதச் சுருளைச் சபையில் எடுத்து ஓதுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்நகரில் ஏறக்குறைய 4,000 யூதர்கள் இருந்தார்கள். 1947-க்குப் பிறகு இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவர்கள் குடிபெயர்ந்தார்கள். இப்போது எஞ்சியிருப்போர் முப்பதின்மருக்கும் குறைவு. கல்லையும் மரத்தையும் புதுப்பிக்க முடிந்தது; அந்தப் பதின்மரைச் சேர்ப்பது அரிதாகிவிட்டது.

அப்படியானால் ஆலயத்தைக் காத்து நிற்பவர் யார்? எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு முஸ்லிம் பெரியவர். இங்குள்ள ஜெபாலயங்களின் காவற்பணி தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்களின் கையிலேயே இருந்துவருகிறது. மேடையின் பித்தளைக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இதுவும் இறைவன் வீடுதானே, ஐயா" என்றார் அவர். அதற்குமேல் அவர் விளக்கவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1881-இல் இச்சமூகத்தார் தம் பெண்மக்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பார்க் தெருவில் அது யூதப் பெண்கள் பள்ளி என்னும் பெயரோடே இன்றும் நடக்கிறது. அங்கே பயிலும் மாணவியருள் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். நியூ மார்க்கெட்டில் உள்ள நாஹூம் ரொட்டிக்கடையும் 1902-இல் ஒரு பாக்தாத் யூதர் தொடங்கியதே. கிறிஸ்துமஸ் நாட்களில் அதன் கேக்குக்காக எல்லா மதத்தாரும் வரிசையில் நிற்கிறார்கள்.

திரும்பும் வழியில் இதைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். தமக்கு மட்டுமென அமைத்த ஆலயம் அமைதியாகிவிட்டது. ஊருக்கும் பயன்பட்ட பள்ளியும் கடையும் கலகலப்பாக இருக்கின்றன. அமைதியாகிவிட்ட அவ்வாலயத்தைக் காப்பதற்கும் அண்டை வீட்டாரின் கை வேண்டியிருக்கிறது. வேற்று மாநிலங்களில் சபாக்களும் சங்கங்களும் பள்ளிகளும் நடத்திவரும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. நம் பிள்ளைகள் நாளை எவ்வூர் செல்வார்களோ, அறியோம். நாம் எழுப்பியவற்றின் சாவியை அன்போடு வாங்கிக்கொள்ள அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் இருப்பாராயின், இவ்வூரில் நாம் வாழ்ந்த வாழ்வு நல்வாழ்வே. அவருடைய பெயரையேனும் நாம் இன்று அறிந்துவைத்திருக்கிறோமா?