பசியை மறவாத பேரரசர்: மிங் மரபின் முதல்வர் சூ யுவான்சாங்



சீனப் பேரரசர்கள் எத்தனையோ பேர் தம் பெற்றோருக்குக் கல்லறை எழுப்பியிருக்கிறார்கள். 1378இல் மிங் பேரரசர் சூ யுவான்சாங் தம் பெற்றோர் கல்லறைக்கு எழுதிய கல்வெட்டு மட்டும் தனித்து நிற்கிறது. அதற்கு முன்பு அரசவைப் புலவர்கள் எழுதித் தந்த வாசகத்தை அவர் ஏற்கவில்லை. பூசி மெழுகிய அந்தச் சொற்கள் தம் சந்ததிக்குப் பாடமாகாது என்று கருதித் தாமே எழுதினார். அரியணையில் இருந்தவர் தம் வறுமையைத் தம் கையால் கல்லில் ஏற்றினார்.

அதில் அவர் சொல்லும் ஆண்டு 1344. வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் எல்லாம் ஹுவாய் ஆற்றுச் சமவெளியில் ஒன்றாக வந்து விழுந்தன. குத்தகை உழவரான தந்தை, தாய், மூத்த அண்ணன் மூவரும் அடுத்தடுத்து மாண்டார்கள். நிலக்கிழார் புதைக்கவும் இடம் தரவில்லை. அண்டையில் இருந்த ஒருவர் இரங்கி ஒரு துண்டு நிலம் கொடுத்தார். சவப்பெட்டிக்கு வழியின்றிக் கந்தலில் சுற்றிப் புதைத்தார்கள். 1328இல் பிறந்த சூ அப்போது பதின்ம வயதுப் பையன். பௌத்த மடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். சில வாரங்களில் மடத்திலும் தானியம் தீர்ந்தது. ஓடேந்தி ஊர் ஊராக மூன்றாண்டுகள் அலைந்தார். அவருடைய ஆட்சியைப் புரிந்துகொள்ள இந்தச் சில ஆண்டுகளே திறவுகோல் என்பது என் துணிபு.

போர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1352இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார். தலைவரின் வளர்ப்பு மகள் மா அம்மையாரை மணந்தார். 1356இல் நான்ஜிங் அவர் கைக்கு வந்தது. 1363இல் போயாங் ஏரியில், பெருங்கப்பற்படையோடு வந்த போட்டித் தலைவர் சென் யூலியாங்கை வீழ்த்தினார். 1368இல் முடி சூடினார். அதே ஆண்டில் மங்கோலிய யுவான் அரசர் தலைநகரைவிட்டு வடக்கே ஓடினார்.

வென்றபின் அவர் கண் போனது தரிசாகக் கிடந்த வயல்களின் மீதுதான். சிதறிய குடிகளை நிலத்தில் அமர்த்தி வரிவிலக்கு அளித்தார். உழவர்கள் நிலத்தில் ஒரு பகுதியில் முசுக்கொட்டை, சணல், பருத்தி பயிரிட வேண்டும் என்று ஆணையிட்டார். 1381இல் நாடெங்கும் குடிக்கணக்கு எடுத்து 'மஞ்சள் பதிவேடு' தொகுத்தார். அதில் 110 வீடுகள் ஓர் அலகு. குடியானவர்களைக் கொடுமைப்படுத்தும் எழுத்தர்களை ஊராரே பிடித்துத் தலைநகருக்குக் கொண்டுவரலாம் என்றார். வேறு எந்தப் பேரரசர் இப்படிச் சொன்னார்? கதவைத் தட்டிய வரித்தண்டலாளரைக் கண்டு வளர்ந்தவரால்தான் இது முடியும்.

ஆனால் அதே நினைவுதான் அவரைக் கொடியவராகவும் ஆக்கியது. மாகாண அலுவலர்கள் முன்கூட்டியே முத்திரையிட்ட வெற்றுத்தாள்களோடு தலைநகர் வருவது வழக்கம். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தால் அதைத் திருத்தி முத்திரை வாங்க மறுபடி ஊருக்குப் போய்வர வேண்டுமே என்பதற்காக அப்படிச் செய்தார்கள். சூ அதைத் திருட்டு என்றே கண்டார். முத்திரைக்குப் பொறுப்பானவர்கள் கொல்லப்பட்டார்கள். முதுமையில் மனம் பேதலித்ததால் கொன்றார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அதிகாரி என்றாலே உழவன் சோற்றைப் பறிப்பவன் என்ற எண்ணம் இளமையிலேயே ஊறியது.

1380இல் தலைமை அமைச்சர் ஹூ வெய்யோங் சதி செய்ததாகக் கொல்லப்பட்டார். அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. அந்த வழக்கில் பல்லாண்டுகளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் மாண்டதாகச் சொல்கிறார்கள். அமைச்சர் செய்த வேலை முழுதும் பேரரசர் தலையில் விழுந்தது. 1384இல் எட்டே நாட்களில் 1,660 முறையீட்டு ஏடுகள், 3,391 விவகாரங்கள் அவர் முன் வந்தன! அவரை அடக்கி நயமாகப் பேசக்கூடிய ஒரே துணையான மா பேரரசியும் 1382இல் மறைந்தார். 1393இல் தளபதி லான் யூ மீதான சதி வழக்கில் இன்னும் சுமார் பதினைந்தாயிரம் பேர் மாண்டனர்.

1392இல் பட்டத்து இளவரசர் இறந்ததால், 1398இல் சூ மறைந்தபோது அரியணை இளம் பேரனுக்குப் போனது. மறு ஆண்டே பேரனின் சிற்றப்பன் சூ டி வடக்கே பெய்பிங் நகரில் படை திரட்டினார். அவரை எதிர்த்து நிற்கத்தக்க பழுத்த தளபதிகள் பெரும்பாலும் பாட்டனார் கையாலேயே மடிந்துபோயிருந்தனர். 1402இல் நான்ஜிங் வீழ்ந்தது. பேரனின் ஆட்சி நான்கே ஆண்டுகளில் முடிந்தது.