மூங்கில் வீடும் பேசித் தீர்க்கும் ஊரும்

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் ஆற்றிய உரை)



மலேசியாவின் பேராக், பகாங் மலைப்பகுதிகளில் வாழ்பவர்கள் செமாய் மக்கள். ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடிகளில் ஆகப் பெரிய பிரிவு. அவங்க மரபு வீடு கால்கள் நட்டு, தரைக்கு மேலே தூக்கிக் கட்டியது. மூங்கிலைப் பிளந்து தட்டி விரித்தால் தரையும் சுவரும் ஆச்சு. மேலே ஓலைக் கூரை. தரை இடுக்கில் காற்று வரும், குப்பை கீழே போகும்.

ஊரில் தகராறு வந்தால் தலைவர் வீட்டில் கூடுவார்கள். எல்லோரும் பேசி ஓயும் வரை, நாள் கணக்கானாலும், பேச்சுத்தான். கை ஓங்குவது கேவலம். வேட்டை இறைச்சி ஊருக்கே பங்கு. அதற்கு நன்றி சொன்னால் மரியாதைக் குறைவாம்! பங்கை எடை போட்டுப் பார்த்த மாதிரி ஆயிடுமாம். ஆய்வாளர் ராபர்ட் டென்டன் 1968-இல் எழுதிய நூலில் இது வருகிறது.

1954-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்கள் நட்ட பழமரத்துக்கு இழப்பீடு தந்தது. நிலத்துக்குப் பட்டா தரவில்லை. 2002-இல் தெமுவான் பழங்குடியினர் தொடுத்த வழக்கில், பரம்பரை நிலத்திலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஷா ஆலம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் போராட்டம் ஓயவில்லை. வீடு போனால் கட்டிக்கலாம். காடு போனால் மூங்கிலுக்கு எங்கே போவது? சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதை யோசிக்க வேண்டும்.

செமாய் வழக்கப்படி, நன்றி சொல்லாமலே முடிக்கிறேன். வணக்கம்.