நகல் யாருக்கு?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைக்குப் போன முதல் வருடம் நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன். அது நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

மின்னஞ்சலில் 'சி.சி.' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது 'கார்பன் காப்பி'யின் சுருக்கம். தட்டச்சுக் காலத்தில் தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து நகல் எடுப்பார்கள். தாள் கூடக்கூட எழுத்து மங்கும். அதனால் யாருக்கு நகல் என்று யோசித்துத்தான் அடிப்பார்கள். இன்று ஒரு சொடுக்கில் ஊருக்கே அனுப்பலாம், யோசிப்பதுதான் போய்விட்டது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் ஒரு சோதனை மின்னஞ்சல் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போனது. 'என்னை நீக்குங்கள்' என்று பலர் எல்லோருக்குமே பதில் போட, அஞ்சல் சேவையே திணறிப்போனது.

என் கதையில் நகல் போனது மூன்றே பேருக்கு. வரைபடம் ஒன்றில் அளவு தவறாக இருந்தது. வரைந்தவர் எனக்கு மிகவும் மூத்தவர். நேரே சொல்லாமல், மேலாளருக்கும் வேறு இரண்டு அதிகாரிகளுக்கும் நகல் போட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் திருத்திய வரைபடம் வந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மறுநாளிலிருந்து அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடவில்லை. சின்னச் சந்தேகம் கேட்டாலும் அதே மூன்று பேருக்கு நகலோடுதான் பதில் வரும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போய் மன்னிப்புக் கேட்டேன். "நாலு மேசை தள்ளித்தானே உட்கார்ந்திருக்கேன்? எழுந்து வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

அளவு தப்புன்னு நான் சொன்னது சரிதான். சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதுதான் தப்பு.

தம்பி தங்கைகளே, 'டூ' கட்டத்தில் வேலை செய்ய வேண்டியவரைப் போடுங்கள், 'சி.சி.'யில் தெரிந்துகொள்ள வேண்டியவரை மட்டும். நடுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒருவரையொருவர் அறியாத பலருக்கு எழுதும்போது முகவரிகள் தெரியாதபடி 'பி.சி.சி.'யில் போடுங்கள், வேவு பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள். பாராட்டா? பத்துப் பேருக்கு நகல் போகட்டும். குறையா? முதலில் எழுந்து போய்ச் சொல்லுங்கள். சொல்லியும் நடக்கவில்லை, அல்லது ஆட்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால், மேலாளருக்கு நகல் போடத் தயங்கவே வேண்டாம்.

அந்தப் பெரியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கலுக்கு 'அன்புத் தம்பி' என்று வாழ்த்து வருகிறது. நகல் யாருக்கும் இல்லை!