பட்டமும் அனுமதியும்

அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலையும், ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றின. அத்தகைய தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகள், இன்று பிள்ளைகளின் அயல்நாட்டுப் படிப்புக்கு ஈடாக வங்கிகளில் நிற்கின்றன. ஆதலால் இப்படிப்பைப் பற்றிய ஓர் உண்மையைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். பட்டம் வேறு, அந்நாட்டில் வேலை செய்யும் அனுமதி வேறு. முன்னதைப் பல்கலைக்கழகம் தருகிறது. பின்னதை அரசாங்கம் தருகிறது. ஒன்றைப் பெற்றவருக்கு மற்றொன்று தானே வந்துவிடுவதில்லை.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். சென்னை அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் மாணவ விசா கோருபவர், படிப்பு முடிந்ததும் நாடு திரும்பும் எண்ணமுடையவர் என்று அதிகாரியைத் திருப்தி செய்ய வேண்டும். பட்டம் பெற்றபின் தம் துறையில் பயிற்சியாக வேலை பார்க்க 12 மாதம் அனுமதி உண்டு. அந்த ஓராண்டில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தலாகாது. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் முதலிய பாடங்களைப் பயின்றோருக்கு 2008-இல் மேலும் 17 மாதம் கொடுத்தார்கள். 2016-இல் அதனை 24 மாதமாக்கினார்கள். இவை இலாகா வகுத்த விதிகள். வகுத்தவர்களே மாற்றவும் கூடும்.

அதற்குமேல் தங்கி வேலை பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது எச்-1பி விசா. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்தது அது. அதற்கு மாணவர் தாமே மனுச் செய்ய இயலாது. வேலை தரும் நிறுவனமே செய்ய வேண்டும். ஆண்டொன்றுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் முதுகலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றவருள் மேலும் 20,000 பேர் என்பது பொது வரம்பு. கேட்போர் இதனினும் மிகப் பலர், ஆகவே குலுக்கல். சம்பளப்படி உயர்ந்தவருக்குத் தேர்வாகும் வாய்ப்பும் உயரும்படி 2025 டிசம்பரில் புது விதி வகுத்தார்கள். அப்போதுதான் படித்து வெளிவந்த இளைஞருக்கு இது அனுகூலமன்று. வகுப்பில் முதலாவதாகத் தேறியவர் பெயரும் குலுக்கலில் விழாமற் போகலாம்.

பிரிட்டனின் கதையும் இதுவே. படித்து முடித்தவர் தங்கி வேலை தேடுவதற்கென இருந்த வழியை அந்நாடு 2012-இல் அடைத்தது; 2021-இல் வேறு பெயரில் திறந்தது. பட்டதாரிகளுக்கு 2 ஆண்டு, முனைவர்களுக்கு 3 ஆண்டு என்று வைத்தது. பட்டதாரிகளின் காலத்தை 18 மாதமாகக் குறைப்பதென 2025-இல் அறிவித்தது.

இதற்காக அந்நாட்டாரைக் குறைகூறிப் பயனில்லை. தம் வீட்டு வாயிலை எப்போது திறப்பது என்பது வீட்டுக்காரர் இஷ்டம். நம் வீட்டை ஈடு வைப்பது குறித்து யோசிப்பது நம் பொறுப்பு. கல்விக்கடன் 7.5 லட்ச ரூபாயைக் கடந்தால் வங்கிகள் ஈடு கேட்பது வழக்கம். பொதுவாக, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். வட்டியோ அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும். குலுக்கலில் பெயர் விழவில்லையென்று தவணை காத்திருக்காது.

பிள்ளையை அனுப்பவேண்டாமென்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியரையும் நல்ல ஆய்வுக்கூடத்தையும் தேடிக் கடல் கடப்பது சிறந்த காரியமே. ஆனால் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சேரப்போகும் பாடம், கூடுதல் மாதங்கள் அளிக்கும் அரசாங்கப் பட்டியலில் உண்டா? விசா வாங்கித் தருகிறேன் என்று உறுதி கூறும் தரகர், குலுக்கலின் முடிவை எவ்வாறு அறிவார்? எல்லாவற்றிலும் முக்கியமானது, பிள்ளை நாளையே ஊர் திரும்பினால், இங்கு வாங்கக்கூடிய சம்பளத்தில் கடன் அடையுமா?

மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று விடை வந்தால் துணிந்து அனுப்பலாம். இல்லையென்று வந்தால், செலவு குறைந்த பல்கலைக்கழகத்தையோ உதவித்தொகையையோ தேடுங்கள். அல்லது இங்கே சில ஆண்டு வேலை பார்த்துப் பொருள் சேர்த்தபின் போகச் சொல்லுங்கள். ஆவடியிலேயே 1976 முதல் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பத்தூரில் பட்டறைகள் இருக்கின்றன. கற்ற வித்தைக்கு இங்கும் வேலை உண்டு. அனுமதியின் காலம் முடியலாம், வித்தை முடிவதில்லை. ஊர் திரும்பும் பிள்ளையைத் தோற்றவனாக எண்ணாமல், கற்று வந்தவனாக வரவேற்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.