எந்த நாள், ஏன் அந்த நாள்?

உலக நாடுகளின் பண்டிகைகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யும் விழாக்கள் இப்போது பல பள்ளிகளில் நடக்கின்றன. வகுப்புக்கு ஒரு நாடு, அந்த நாட்டு உடை, ஒரு நடனம், ஒரு பலகாரம் என்று ஒரு நாள் முழுக்கக் கொண்டாட்டம். பிள்ளைகள் மகிழ்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அந்த மக்கள் ஏன் அந்த நாளைத் தேர்ந்தார்கள் என்று மறுநாள் கேட்டால் பதில் வராது. பண்டிகையின் உயிர் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. வானத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். வயலில் ஒரு வேலை முடிந்திருக்கும். யாருக்கோ செலுத்த வேண்டிய நன்றி பாக்கி இருக்கும். அந்தக் காரணத்திலிருந்து தொடங்கிச் சொல்லித் தர வேண்டும் என்பதே என் வாதம். அப்படித் தொடங்குவதற்குத் தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் மிக வாய்ப்பான இடம்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். கூடலூருக்கு மேலே, கேரள எல்லை மலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்றுதான் பக்தர்கள் போக முடியும். பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஏறுகிறார்கள். நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி முழுமையாக நிற்கும் நாள் அது என்று தெரிந்த பிள்ளைக்கு, அதே பௌர்ணமியிலோ அடுத்த பௌர்ணமியிலோ இலங்கையில் வெசாக் விளக்குகள் ஏற்றுவதும், இலையுதிர்காலத்துப் பௌர்ணமியில் கொரியர்கள் புதுத் தானியத்தை முன்னோர்க்குப் படைத்துச் சூசொக் கொண்டாடுவதும் அந்நியமாகத் தோன்றாது. இராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் கொண்டாடப்படும் ஈஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது அதன் கணக்கு. அதனால் பெரும்பாலான ஆண்டுகளில் பங்குனி உத்திரம் முடிந்த சில நாட்களில் ஈஸ்டர் வந்துவிடுகிறது. 2023-இல் ஏப்ரல் 5 பங்குனி உத்திரம், ஏப்ரல் 9 ஈஸ்டர். பழனிக்குக் காவடி எடுக்கும் வீடும் தேவாலயத்துக்குப் போகும் வீடும் ஒரே நிலவை எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன. சூரியனை எண்ணுகிறவர்களும் உண்டு. நம் சித்திரை முதல் நாளையொட்டித்தான் தாய்லாந்தில் சொங்க்ரான் தண்ணீர்த் திருவிழா நடக்கிறது, கம்போடியாவிலும் லாவோஸிலும் புத்தாண்டு பிறக்கிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ரம்ஜான் ஏன் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்கிறது என்று கேட்காத பிள்ளை குறைவு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே சுமார் 11 நாள் முந்தி வருகிறது. 2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என்று இரண்டு நோன்புப் பெருநாள் வந்தன. ஏறத்தாழ 33 ஆண்டுச் சுற்று என்பதால் 2033-இல் மறுபடி அப்படி வரும். அதைப் பிள்ளைகளே காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

வேலையும் நன்றியும் இதைவிட நெருக்கமான பாடங்கள். ஓணத்தின்போது கேரள வாசல்களில் போடும் அத்தப்பூவுக்குச் சீலையம்பட்டி மார்க்கெட்டிலிருந்தும் பூ போகிறது. செண்டுமல்லி நட்டுப் பூவெடுக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். திருவோணம் என்றைக்கு என்று பார்த்து நாற்று நடும் விவசாயியின் வீட்டுப் பிள்ளைக்கு ஓணத்தின் தேதி அடுத்த மாநிலத்துச் செய்தியாக இருக்காது, வீட்டு வரவு செலவாக இருக்கும். நன்றிக்கு, இதே மாவட்டத்துப் பாலார்பட்டிக்கு வாருங்கள். 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த ஜான் பென்னிகுயிக் பிறந்தது 1841 ஜனவரி 15. தைப்பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் அந்த ஊர் மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். எந்தப் புராணமும் சொல்லாத ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு, தண்ணீர் கொடுத்த நன்றிக்காக, நம் கண்முன்னே ஒரு பண்டிகை பிறந்திருக்கிறது. எனக்கு இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெருமைக்குரிய செய்தி இதுதான். ஜப்பானில் நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி சொல்லும் விடுமுறை நாள்; 1948-இல் சட்டமானது. அதற்கு முன்பு அதே நாள், புது நெல்லைத் தெய்வத்துக்குப் படைக்கும் நீயிநாமெ சடங்கின் நாள். பாலார்பட்டியைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்த மாற்றத்தை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

உடையோடு நிற்பதால் என்ன குறை என்று கேட்கலாம். சிங்கப்பூரில் 1964 ஜூலை 21 அன்று இனக்கலவரம் வெடித்தது. அதை மறக்காமல் இருக்கவே 1997 முதல் அந்தத் தேதியைப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். சீனப் பிள்ளை சேலை கட்டும், தமிழ்ப் பிள்ளை மலாய் உடை போடும். நல்ல முயற்சி. ஆனாலும் உடையையும் உணவையும் தாண்டிப் போகவில்லை என்ற விமர்சனம் அங்கேயே எழுந்திருக்கிறது. ரத்தம் சிந்திய நினைவிலிருந்து பிறந்த நாளுக்கே இந்த நிலை வருமென்றால், காரணமே சொல்லாமல் நடத்தும் விழாவில் பிள்ளை மனதில் என்ன தங்கும்?

நம் பண்டிகைகளே மறந்து போகும்போது அடுத்தவர் பண்டிகை எதற்கு என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமான கவலை. ஆனால் காரணம் கேட்கும் பழக்கம் வந்த பிள்ளை முதலில் தன் வீட்டில்தான் கேட்கும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரை வெயிலில் ஏன் தீச்சட்டி எடுக்கிறோம், கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவத்தில் மாட்டுப் பொங்கலன்று ஏன் அத்தனை கூட்டம் என்று கேட்கும். அப்பத்தாவும் தாத்தாவும் சொல்ல வேண்டிய பதில்கள் அவை. இன்னொன்றும் உண்டு. மாரியம்மனைத் தமிழர்கள் சிங்கப்பூருக்கும் ரீயூனியனுக்கும் ஃபிஜிக்கும் கொண்டு போனார்கள். அங்கே தீமிதியைப் பார்க்கும் பிற இனத்துப் பிள்ளைகளுக்கு நாம்தான் உலகப் பண்பாடு. தீபாவளிக்கு மலேசியாவில் அரசு விடுமுறை விடுகிறார்கள். நம்மை அவர்கள் அறிந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி என்றால், அவர்களை அறிவது நம் பங்கு.

பள்ளியில் மதம் நுழைந்துவிடும் என்பது அடுத்த அச்சம். அரசின் நிதியில் மட்டும் நடக்கும் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது, சொல்லவும் வேண்டும். மதங்களைப் பற்றிக் கற்பதும் மதபோதனையும் வேறு வேறு என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பில் பூஜை செய்யச் சொன்னால் அது தவறு. பிறை ஏன் தேடப்படுகிறது என்று விளக்குவது பாடம்.

பாடச்சுமை கூடுமே என்பார்கள். நிலவின் வளர்பிறை தேய்பிறை அறிவியலில் ஏற்கெனவே இருக்கிறது, பருவகாலம் புவியியலில் இருக்கிறது, மீதி கழித்தல் கணக்கு. வகுப்பறைச் சுவரில் ஒரு தினசரி நாட்காட்டி தொங்கினால் போதும். ஆசிரியர் மாதம் ஒரு தேதியைக் காட்டி, இந்த நாள் யாருக்கு முக்கியம், ஏன் என்று கேட்கட்டும். இந்தக் கேள்வியின் அவசியம் நம் எல்லைக்குத் தெரியும். 2011 டிசம்பரில் பெரியாறு அணைப் பிரச்சினையால் குமுளி எல்லை கொதித்தபோது, ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம் தொழிலாளர்கள் பயந்து திரும்பினார்கள். அன்று பள்ளியில் இருந்த இரு மாநிலப் பிள்ளைகளும் இன்று பெரியவர்கள். இன்று அதே எல்லையின் இரு பக்கமும் படிக்கிற பிள்ளைகளுக்கு அக்கரைக்காரரின் ஓணமும் இக்கரைக்காரரின் பென்னிகுயிக் பொங்கலும் காரணத்தோடு தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை இந்த வருடமே தொடங்கிவிடலாம்.