வம்சாவளிக் கோப்பின் எடை

வம்சாவளியைக் கணினியில் எழுதிவைப்போர் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பொதுவான கோப்பு வடிவம் ஜெட்காம். மோர்மன் திருச்சபை 1984இல் வெளியிட்டது. பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு, யாருக்கு யார் பிள்ளை என்பதெல்லாம் அதில் வெறும் எழுத்தாக, வரிவரியாக இருக்கும். ஒருவருடைய பதிவு பெரும்பாலும் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது. ஆயிரம் பேர் கொண்ட குடும்பமும் ஏறக்குறைய ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுத்த ஒரு கலியாணப் படமே பல வேளைகளில் அதைவிடப் பெரிது.

தமிழில் எழுதினால் கோப்புக் கொஞ்சம் பருக்கும். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். குறுக்குக் கோடிட்ட நோர்வேஜிய ‘ஓ’வுக்கு இரண்டு. தமிழில் க, த போன்ற அகர உயிர்மெய்க்கு மூன்று, அதன்மேல் ஏறும் புள்ளிக்கோ உயிர்க்குறிக்கோ இன்னும் மூன்று. ஐந்தெழுத்துக் கந்தசாமி இப்படி 24 பைட் ஆகிறார். இதற்கு அஞ்சி ஊரையும் பேரையும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவைப்பது வீண் சிக்கனம். லகரமா ளகரமா என்று அடுத்த தலைமுறை தடுமாறும். மிச்சமாவது சொற்பம்தான்.

உண்மையான பாரம் படங்களில் இருக்கிறது. நான்குக்கு ஆறு அங்குலப் பழைய படமொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடி, சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் 26 மெகாபைட் வரும். ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25. அதாவது அம்மம்மாவின் ஒரு படம்கூட அதில் ஏறாது. ஜேபெக்காகச் சுருக்கினால் சில மெகாபைட்டில் நிற்கும். பார்ப்பதற்கு அது தாராளம். மூலப் பிரதி மட்டும் டிஃப்பாக வீட்டில் இருக்கட்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில், ஒஸ்லோவிலிருந்து ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் படங்கள் போவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்; கைமாறிக் கைமாறி வரும்போது முகம் மங்கும். அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச்சேரும்.

இன்னொரு ஏமாற்றம் பலருக்கும் நேர்வது. ஜெட்காம் கோப்பு படத்தைச் சுமப்பதில்லை. அனுப்பியவரின் கணினியில் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியை மட்டுமே சுமக்கிறது. பெறுபவருக்குப் பெயர்கள் வரும், முகங்கள் வரா. 2021இல் வந்த ஏழாம் பதிப்பில் எழுத்தையும் படத்தையும் ஒரே பொதியாகக் கட்டும் ஜெட்ஸிப் வசதி உண்டு. ஆனால் எல்லா மென்பொருளும் அதை இன்னும் ஏற்கவில்லை. அதனால் படக் கோப்புறையைத் தனியே ஸிப் செய்து, மேகச் சேமிப்பில் ஏற்றி, இணைப்பை அனுப்புவதே இப்போதைக்கு நம்பகமான வழி.

நோர்வே தேசிய ஆவணக் காப்பகமும் எழுத்தையும் படத்தையும் பிரித்தே கையாளுகிறது. 1998இல் தொடங்கிய அதன் டிகிட்டால்ஆர்கிவே தளத்தில் தேவாலயப் பதிவேடுகள் பக்கம் பக்கமாகப் படங்களாக உள்ளன. 1801, 1865, 1900, 1910 குடிமதிப்புகளோ எழுத்தாகவும் பெயர்த்து எழுதப்பட்டுள்ளன. தேடுவது இலேசான எழுத்தில். ஐயம் வந்தால் பார்ப்பது கனத்த படத்தில். வீட்டு அளவில் இதைவிடச் சிறந்த முறை தேவையில்லை.

சேமிப்பிடத்தைப் பொறுத்தவரை, கூகுள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட்டில் மின்னஞ்சலுக்கும் பங்குண்டு. மேற்சொன்ன டிஃப் படங்கள் 570 அளவில் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். யுஎஸ்பி குச்சியில் வேறொரு தடை: பழைய ஃபேட்32 அமைப்பில் இருந்தால், இடம் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் 4 கிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது. கலியாண வீடியோக்கள் பாதியில் நின்றுபோவது பல நேரம் இதனால்தான். எக்ஸ்ஃபேட் அமைப்பில் புதிதாக வடிவமைத்தால் தீரும். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவைக்க வேண்டும்.

சிறிய கோப்பு என்பதாலேயே அது எளிதில் கை மாறும் என்பதும் உண்டு. தனியாள் விவரங்களைக் காப்பதற்காக நோர்வேயின் 1920 குடிமதிப்பு 100 ஆண்டு மூடியிருந்து, 2020 டிசம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே கவனம் வீட்டுக் கோப்புக்கும் வேண்டும்: உயிரோடிருப்போரின் பிறந்த நாளும் முகவரியும் உறவினர் வட்டத்துக்கு வெளியே போகக் கூடாது. பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்களில், ஏற்றுமதி செய்யும்போது அவர்களை விலக்குவதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.