மலைத் தடத்தின் நட்டக் கணக்கு



கொல்லிமலை ஏற, காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்த ஏற்றத்தில் பேருந்து டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயும். சந்தை நாளில் பலாவோடும் அன்னாசியோடும் கூட்டம் நெரியும். அடைமழை நாளில் வண்டி காலியாகவும் போகலாம். வரவு செலவை மட்டும் பார்க்கும் முதலாளி, முதல் வேலையாக நடையைக் குறைப்பார். அவருடைய கணக்கில் பிழை இல்லை. ஆனால் கல்லூரிக்கு இறங்கும் பெண்ணும், மருத்துவமனைக்குப் போகும் பாட்டியும் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் வருவதில்லை.

1972-இலும் அடுத்த ஆண்டிலும் தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமையாயின. சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், சேலத்தில் அண்ணா என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. சமவெளியில் கூட்டம் மிகுந்த தடங்களின் வசூல், மலைத் தடங்களின் நட்டத்தைத் தாங்கும் வழி அப்படித்தான் பிறந்தது. லாபத் தடங்களைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், மலைக்கு மிஞ்சுவது நட்டம் மட்டும்தான்.

தனியார் வந்தால் சீராகும் என்போர், மின்சாரத்தில் டெல்லியைக் காட்டுவார்கள். அது மெய்தான். 2002-இல் அங்கே மின் விநியோகம் தனியாருக்குக் கைமாறியது; பாதியளவு இருந்த மின் இழப்பு பின்னாளில் 10 விழுக்காட்டுக்குள் வந்தது. ஆனால் நெருக்கமான நகரம் அது; மலை அப்படியல்ல.

ஒடிசாவின் கதை வேறு. 1999-இல் மாநிலத்தின் மத்தியப் பகுதி விநியோகத்தை அமெரிக்காவின் ஏ.இ.எஸ். நிறுவனம் ஏற்றது. அந்த அக்டோபரிலேயே பெரும்புயல் அடித்து மின்கம்பங்களைச் சாய்த்தது. கட்டணம் சரியாக வசூலாகவில்லை. அரசோடு பிணக்கு முற்றியது. 2001-இல் நிறுவனம் விலகிக்கொண்டது. நட்டம் வந்தால் நிறுவனம் போய்விடலாம். ஒடிசாவின் கிராமம் எங்கே போகும்?

தனியார் கை பட்டாலே தீட்டு என்று இந்த மேடை சொல்லவில்லை. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சை இயக்குவது அரசுத் துறையல்ல, லாப நோக்கில்லாத ஒரு தனி அமைப்பு. ஆனால் செலவு அரசுடையது, நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. வண்டி வராவிட்டால் சட்டமன்றத்தில் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பு எழுத்தில் இருக்கும்வரை யார் ஓட்டினாலும் தாங்கலாம்.

அரசு என்று பலகை மாட்டினால் மட்டும் சேவை வந்துவிடாது என்பதும் உண்மை. ஓடாத வண்டியையும், நிரப்பாத ஓட்டுநர் பணியிடத்தையும், சொல்லாமல் நிறுத்தும் கடைசி நடையையும் மலைமக்கள் பொறுத்தது போதும்!

வருகிற கிராம சபையில் கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டும். மலைத் தடங்களின் நட்டத்தை அரசு தனி நிதியாகப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்பது ஒன்று. எந்த நடையை நிறுத்துவதானாலும் முன்கூட்டியே ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவித்து, சம்மதம் பெற வேண்டும் என்பது மற்றொன்று.